மூல ஓலை

திருச்சிற்றம்பலம்.

 

இன்று ஆடிச் சுவாதி. நம்பியாரூரப் பெருமான் வெள்ளானைமீது எழுந்தருளிக் கயிலை புகுந்த திருநாள். சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றில் எப்பகுதியையேனும் பேசலாம் என்று விழாக் குழுவினர் பணித்தார்கள். அடியேன் திருவெண்ணெய்நல்லூர் வழக்கைத் தேர்ந்துகொண்டேன். அதற்கொரு காரணம் உண்டு. அக்காரணத்தை மறைக்காமல் முதலிற் சொல்லிவிடுதல் முறை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இத்தகைய விழாவொன்றிற் பேசி முடித்து இறங்கினேன். நடுத்தர வயதுள்ள அம்மையார் ஒருவர் தூணருகே காத்து நின்றார். "ஐயா, திருச்சேறையில் ருணவிமோசனருக்குப் பதினொரு திங்கட்கிழமை வழிபாடு செய்தால் கடன் தீரும் என்கிறார்களே, தீருமா?" என்று கேட்டார். வண்டி புறப்படும் அவசரம் எனக்கு. "நம்பிச் செய்யுங்கள் அம்மா, தீரும்" என்று சொல்லித் திருநீறு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஓராண்டு கழித்து அதே ஊருக்கு மீண்டும் சென்றபோது அவ்வம்மையாரைக் கண்டேன். கழுத்தில் மஞ்சட்கயிறு மட்டும் இருந்தது. வழிபாட்டைக் குறைவறச் செய்திருக்கிறார். அடியார் வாக்கு பொய்க்காது என்று நம்பி, தவணைகளைக் கட்டாமல் நிறுத்தியும் இருக்கிறார். அடகுவைத்த நகை ஏலம் போயிற்று. குழுக்கடனுக்கு வாரந்தோறும் வாசலில் ஆள் வந்து நின்றது. அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. "நம்ம வினை ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அன்பர்களே! அந்த அம்மையார் என்னைக் கடிந்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும். நான் அன்று சொன்னது பொய்யன்று, ஆனால் பாதி. பாதி உண்மை, முழுப் பொய்யைக் காட்டிலும் தீங்கு செய்யும். அன்று சொல்லாமல் விட்ட மறுபாதியைச் சொல்லும் கடன் எனக்கு இருக்கிறது. அக்கடனைத் தீர்க்கவே இன்று நிற்கிறேன்.

திருவெண்ணெய்நல்லூருக்குப் போவோம். திருநாவலூரில் ஆதிசைவ மரபில் தோன்றி, நரசிங்கமுனையரையர் என்னும் அரசரால் மகன்மை கொள்ளப்பெற்று வளர்ந்த நம்பியாரூரருக்குப் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் திருமகளை மணம் பேசினர். மணப்பந்தரில் மங்கலச் சடங்கு தொடங்கும் வேளையில் ஒரு முதியவர் தண்டூன்றி உள்ளே வந்தார். "இம்மணமகன் எனக்கு அடிமை, அவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார். அந்தணர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என்று எல்லோரும் நகைத்தனர். நம்பியாரூரர் அம்முதியவரைப் பித்தர் என்றே ஏசினார். ஏசியதோடு நில்லாமல் விரைந்து சென்று அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தும் எறிந்தார்.

இவ்விடத்தைச் சற்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். ஓலை கிழிந்தது, கடன் கிழிந்ததா? கிழியவில்லை. முதியவர் அமைதியாகச் சொன்னார்: "நீ கிழித்தது படி ஓலை; மூல ஓலை வெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டுவதற்கென வைத்திருக்கிறேன்."

இந்நாளில் ஓலை இல்லை. ஓலையைக் கிழிக்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இருக்கிறது. கடன் கொடுத்தவர் அழைத்தால் கைப்பேசியை அணைத்து வைக்கிறோம். எண்ணை மாற்றிக் கொள்கிறோம். வங்கியிலிருந்து வந்த உறையைப் பிரிக்காமற் பரணில் எறிகிறோம். வாசலில் ஆள் வந்தால் "அப்பா வீட்டில் இல்லை" என்று சொல்லக் குழந்தைக்குக் கற்பிக்கிறோம். இவை யாவும் படி ஓலையைக் கிழிக்கும் செயலே. நாம் கிழிக்கக் கிழிக்க மூல ஓலையில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. பொய் சொல்லப் பழகிய குழந்தையின் உள்ளத்தில் வேறொரு கணக்கும் ஏறுகிறது. அதனை எவ்வங்கியும் தள்ளுபடி செய்ய இயலாது.

வரலாற்றின் மேற்பகுதி இன்னும் இனியது. வெண்ணெய்நல்லூர் அவையோர், ஓலையைக் கண்டவுடன் தலையாட்டிவிடவில்லை. வழிவழி அனுபோகம், எழுத்தாவணம், கண்டார் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றாலேனும் வழக்கை நிறுவுக என்றனர். மூல ஓலை வெளிப்பட்டது. பாட்டனாரின் கைச்சாத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து இரண்டையும் ஒப்புநோக்கினர். எழுத்து ஒத்திருந்தது. "நம்பி, நீர் தோற்றீர்" என்றது அவை. அப்போது நம்பியாரூரர் செய்தது யாது? "முன்னோன் எழுதியதற்கு நான் எவ்வாறு பொறுப்பாவேன்?" என்று வாதிட்டாரா? அரசர் வீட்டுப் பிள்ளை என்ற செல்வாக்கைக் காட்டினாரா? இல்லை. "முறை இதுவாயின் இசையாது இருத்தல் இயலுமோ" என்று பணிந்தார். மணக்கோலத்தோடு வழக்கிட வந்தவர், ஆட்பட்டவராய் அம்முதியவரைப் பின்தொடர்ந்தார். முதியவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்தார்.

அன்பர்களே! இதில் இரண்டு நீதிகள் பிணைந்திருக்கின்றன. உண்மையான கடனை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. உண்மையா என்று கேட்டறியும் உரிமை கடன்பட்டவனுக்கு உண்டு என்பது மற்றொன்று. வழக்கிட்டவர் சிவபெருமானே ஆயினும், அவை சான்று கேட்டது; அவரும் சான்று காட்டினார். ஆதலால் மிரட்டுபவன் சொல்லும் தொகையையெல்லாம் கடன் என்று நடுங்கி ஏற்க வேண்டுவதில்லை. கணக்கைக் காட்டச் சொல்லலாம், எழுத்திற் கேட்கலாம், நீதிமன்றத்தை நாடலாம். பாட்டன் ஓலை பேரனைக் கட்டியது அக்கால முறை. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்திற்குப் பின் ஏற்பட்ட கடன்களில், மகன் என்றோ பேரன் என்றோ சொல்லி, அந்தப் புனிதக் கடப்பாடு ஒன்றையே காரணமாகக் கொண்டு வழக்கிட முடியாது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே வாரிசுகளிடம் கேட்கலாம். ஆனால் நீங்களே கையொப்பமிட்டு ஏற்ற ஜாமீன் அவ்வாறன்று. உறவுக்கும் நட்புக்கும் அஞ்சி, படிக்காத தாளில் இடும் கையொப்பம், நாமே நம் கையால் எழுதிக்கொள்ளும் ஆளோலையாகும்.

படிக்காத தாள் என்றேன். சுந்தரர் வரலாற்றிலேயே இதற்கும் பாடம் உண்டு. திருமுதுகுன்றத்தில் இறைவன் அருளிய பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றிலிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த அற்புதத்தை நாம் அறிவோம். ஆற்றிலிடும் முன் அவர் அப்பொன்னில் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்பதைப் பலர் கருதுவதில்லை. மச்சம் என்பது மாற்றுப் பார்ப்பதற்கென வெட்டி வைக்கும் மாதிரித் துண்டு. திருவாரூரில் எடுத்த பொன் மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு, மீண்டும் பாடி, நிறைந்த மாற்றுப் பெற்றார். தோழரான இறைவன் தந்த பொன்னையே உரைத்துப் பார்த்தவர் அவர். நாமோ முன்பின் அறியாத கைப்பேசிச் செயலியில், "ஒப்புகிறேன்" என்னுமிடத்தில் விரலை வைத்து அழுத்திவிடுகிறோம்.

ஒரு சிறு கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். கடன் அட்டையில் ஒருவருக்கு 50,000 ரூபாய் நிலுவை என்று கொள்வோம். வட்டி மாதம் நூற்றுக்கு மூன்றரை. முதல் மாத வட்டி 1,750 ரூபாய். அவ்வட்டியின்மேல் நூற்றுக்கு 18 வீதம் வரி 315 ரூபாய். அவர் குறைந்தபட்சத் தொகை என்று 2,500 ரூபாய் கட்டுகிறார். கட்டிவிட்டோம் என்ற நிம்மதியோடு உறங்குகிறார். உண்மையில் அசலிற் குறைந்தது 435 ரூபாய்தான்! அதே மாதத்தில் ஒரு புடைவையோ ஒரு செருப்போ அவ்வட்டையில் வாங்கினால் அதுவும் குறையாது. கடன் முன்னையினும் கூடும். வட்டியில்லாத் தவணை என்று கடைவாசலில் எழுதியிருக்கிறதே என்பீர்கள். வட்டியே இல்லை என்பதொன்று இல்லை, அது கட்டணத்துள்ளும் பிறவற்றுள்ளும் மறைந்து நிற்பதுண்டு என்னும் கருத்தை 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் தெரிவித்திருக்கிறது.

அப்படியானால் கடனே வாங்கலாகாதா? சைவம் அவ்வாறு சொல்லவில்லை. இளையான்குடி மாறநாயனார் கடன் வாங்கியவர். அடியார்க்கு அமுதூட்டிச் செல்வம் முழுதும் கரைந்தது. நிலத்தை விற்றார், பின் கடனும் கொண்டார். எவ்வளவு கொண்டார்? தம்மையே விற்றேனும் திருப்பிக் கொடுக்கத்தக்க அளவே கொண்டார் என்று சேக்கிழார் பெருமான் நுட்பமாகக் குறித்திருக்கிறார். வறுமையின் எல்லையில் நின்றபோதும் அந்நாயனார் மனத்தில் ஓர் அளவுகோல் இருந்தது. அவர் வாங்கியது பிறர் பசி தீர்ப்பதற்கு; தம் வீட்டு வாசலை அழகு செய்வதற்கன்று. திருவொற்றியூர்க் கலியநாயனாரையும் நினையுங்கள். விளக்கெரிக்கும் திருப்பணிக்குப் பொருள் அற்றபோது செக்காடிக் கூலி வேலை செய்தார். எண்ணெய் வணிகச் செல்வராய் வாழ்ந்தவர் கூலியாளாய் நின்றதற்கு நாணவில்லை.

நாம் நாணுவது எதற்கு? மகள் திருமணத்தில் இரண்டு பந்தி குறைந்தால் நாணுகிறோம். அடுத்த வீட்டுக் காரைவிட நம் கார் சிறிதாயின் நாணுகிறோம். கடன் வாங்கும்போது வராத நாணம், கூலி வேலைக்குச் செல்லும்போது வருகிறது. இந்த இடமாறிய நாணமே பல குடும்பங்களின் கடனுக்கு வித்து. மருத்துவத்திற்கும் பிள்ளை படிப்பிற்கும் வேறு வழியின்றிக் கடன்பட்டவர்களை நான் இங்கே சொல்லவில்லை. அவர்கள்மேற் குற்றம் இல்லை. அவர்களைத் தாங்க வேண்டியது ஊரின் கடன்.

இனி, கொடுப்பவர்க்கும் ஒரு சொல் உண்டு. பொறுப்பு வாங்கியவனுக்கு மட்டும் உரியதன்று. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அப்பெருங்கோயிலின் முதற்பொருளை ஊர்ச்சபையார் சண்டேசுவர தேவரிடம் கடனாகப் பெற்று, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்த இசைந்தமை அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. கல்லில் எழுதி, ஊரறியக் கொடுத்து, ஊரறியப் பெற்ற கடன் அது. இன்று தெருவில் பத்து வட்டி என்று கொடுக்கிறார்களே, அது மாதம் நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு 120. சிவன் கோயில் வாங்கிய பொலிசையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு! கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கடன் தண்டுவோர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைத்துத் தொல்லை செய்யலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் அறிவுறுத்தியது. செயலி வழிக் கடன் கொடுப்போர் கடன்பட்டவரின் கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களையும் படங்களையும் எடுக்கலாகாது என்பதும் அவ்வாண்டிலேயே விதிக்கப்பட்டது.

இக்கூட்டத்தில் வட்டிக்குக் கொடுப்பவர்களும் இருக்கலாம். அவர்கள் கோயிலை வலம்வந்து சண்டேசர் திருமுன் நின்று கைகளை விரித்துக் காட்டுவார்கள். சிவன் சொத்தில் ஒன்றையும் எடுத்துச் செல்லவில்லை என்பது அதன் பொருள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஏழையின் அடுப்பில் எரிய வேண்டிய நெருப்பும் சிவன் சொத்தே. அதனை அவித்து எடுத்த கையைச் சண்டேசருக்கு எவ்வாறு விரித்துக் காட்டுவது?

இனி அந்த அம்மையார் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். "நம்ம வினை" என்றார். வினை உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுத்துக் காட்டுகிறது. பல பிறவிகளிற் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவிக்கென முகந்து வந்தது பிராரத்தம். அதனை நுகரும்போதே புதிதாய் ஈட்டுவது ஆகாமியம். பழைய நிலுவை முழுதும் சஞ்சிதம் என்றால், இம்மாதத் தவணை பிராரத்தம். தவணை கட்டுவதற்கென்று வேறிடத்தில் வாங்கும் புதுக்கடன் ஆகாமியம். பிராரத்தத்தை நுகர்ந்தே கழிக்க வேண்டும். ஆகாமியத்தை ஏறவிடாமற் காப்பதோ நம் விழிப்பில் இருக்கிறது. வினை என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பவன் வினைக்கொள்கையை அறிந்தவன் அல்லன். வினை என்ற சொல்லுக்கே செயல் என்பதுதானே பொருள்?

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும், நெஞ்சு பதைக்கிறது. கடன் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளை, சிலபோது குழந்தைகளையும் உடன்கொண்டு போன செய்திகளை நாம் படிக்கிறோம். அன்பர்களே, உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் உயிர் ஈடேறும்பொருட்டு இறைவன் தந்தவை. அவை நமக்குச் சொந்தமல்ல, அவனிடம் பெற்றவை. மனிதனுக்குப் பட்ட கடனுக்கு இறைவன் பொருளை ஈடாகக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. எந்த வங்கியின் ஓலையிலும் உயிர் ஈடாக எழுதப்படவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் கடனால் பேச்சற்றுப் போயிருந்தால், இன்றிரவே சென்று அவர் அருகில் உட்காருங்கள். பணம் கொடுக்க இயலாவிடினும் உடன் இருந்து கணக்கைப் பார்க்க இயலும்.

ஆயின், திருச்சேறைக்குப் போகலாமா? போகுங்கள். கும்பகோணத்திலிருந்து குடவாசல் செல்லும் வழியில் அப்பரும் சம்பந்தரும் பாடிய அத்தலம் இருக்கிறது; திருவாரூர்க் கோயிலிலும் ருணவிமோசனர் சந்நிதி உண்டு. ஆனால் என்ன வேண்டுவது? ஓலையைக் கிழித்துத் தா என்று வேண்டாதீர்கள். வெண்ணெய்நல்லூரில் ஓலையைக் கிழித்தவர் சுந்தரர். ஓலையைக் காத்துவைத்துக் காட்டியவர் இறைவன். அவனிடம் போய்க் கிழிக்கச் சொல்வது அவன் இயல்பை அறியாத வேண்டுதல். மூல ஓலையைப் பார்க்கும் துணிவைத் தா என்று வேண்டுங்கள். பார்த்தபின் ஒப்புக்கொள்ளும் நேர்மையையும், ஒப்பியதைச் செலுத்தும் வலிமையையும் வேண்டுங்கள். அவ்வேண்டுதல் பலிக்கும்.

அது பலித்ததற்கு அடையாளம் வீட்டில் தெரியும். திங்கட்கிழமை மாலை விளக்கேற்றி, அவ்விளக்கின் முன் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி என்று. கணவன் மனைவிக்கு மறைத்ததும், மனைவி கணவனுக்கு மறைத்ததும் அத்தாளில் வரட்டும். புதுக்கடன் இல்லை என்று இருவரும் உறுதி செய்யுங்கள். மிகுந்த வட்டியுள்ளதை முதலில் அடையுங்கள். கட்ட இயலாத மாதத்தில் அழைப்புக்கு ஒளியாமல், கொடுத்தவரிடம் நீங்களே சென்று நிலைமையைச் சொல்லித் தவணை கேளுங்கள். பதினொரு திங்கட்கிழமையும் இவ்வாறு செய்தால், கடன் முழுதும் தீராவிட்டாலும் அச்சம் தீரும். அச்சம் தீர்ந்தவன் உழைப்பான். உழைப்பவனுக்குக் கடன் தீரும்.

வரலாற்றின் முடிவை மறவாதீர்கள். ஓலையை ஒப்புக்கொண்ட நம்பியாரூரருக்கு இறைவன் என்ன செய்தான்? அடிமை வேலை வாங்கினானா? தன்னைப் பாடு என்றான். அவர் ஏசிய பித்தன் என்ற சொல்லே முதற்பாட்டின் முதற்சொல் ஆயிற்று. வழக்கில் எதிர்நின்றவனே தோழனும் ஆனான். ஓலையைக் கிழித்தபோது கிட்டாத உறவு, ஒப்புக்கொண்டபோது கிட்டியது.

தமிழில் கடன் என்னும் சொல்லுக்குப் பட்ட பொருள் என்றும், செய்யவேண்டிய முறை என்றும் இரு பொருள் உண்டு. அப்பரடிகள் கடம்பூர்ப் பதிகத்தில் தாங்குவதை இறைவன் கடனாகவும், தொண்டு செய்வதைத் தம் கடனாகவும் வைத்தார். தாங்குகின்ற கடனை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நம் பக்கத்துக் கடனை நாம் செய்வோமாக.

அந்த அம்மையார் இன்று இக்கூட்டத்தில் இல்லை. அவ்வூருக்குச் செல்லும்போது மறுபாதியை அவரிடம் நேரிற் சொல்வேன். அதுவரை என் கணக்கில் அது நிலுவைதான்.

திருச்சிற்றம்பலம்.